நாலாம் நம்பர் பாயிண்ட்

உ
முருகன் துணை

திருப்பூர்
24-10-1960

சௌபாக்கியவதி அமராவதிக்கு மயில்சாமி எழுதிக்கொண்டது. இவ்விடம் அம்மா, அண்ணன், அண்ணி அனைவரும் க்ஷேமம். அவ்விடம் உன் க்ஷேமத்துக்கும் மாமா, அத்தை க்ஷேமத்துக்கும் கடிதம் எழுதவும்.

தீபாவளிக்காவது சேவூரிலிருந்து கிளம்பி வந்துவிடுவாய் என்று நினைத்து உனக்கும் சேலை எடுத்திருந்தேன். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. பீரோவில் இருக்கிறது.

நிற்க. ஒரு சின்ன விஷயத்துக்காக இதை எழுதுகிறேன். மாடியில் மெத்தை அறையில் மேஜை மேல் இருக்கும் நம் பொம்மை ரயில், நீ போனதிலிருந்து ஒழுங்காக ஓடுவதில்லை. நேர் லைனிலிருந்து கூட்ஸ் லைன் பிரிகிறதே, அந்த நாலாம் நம்பர் பாயிண்டுக்கு வந்ததும் என்ஜின் கவிழ்ந்துவிடுகிறது. லீவரை நேராகத்தான் வைக்கிறேன். பலகையில் பச்சை விளக்கும் எரிகிறது. பச்சை எரிந்தால் பாதை நேராக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆனாலும் கவிழ்கிறது. மூர் மார்க்கெட்டில் நாயாக அலைந்து வாங்கிய என்ஜின், முன்சக்கரம் கோணிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மேஜைக்கு அடியில் புகுந்து பார்க்கலாம் என்றால் என் உடம்பு உனக்குத் தெரியும். பாதி தூரம் போய் மாட்டிக்கொண்டேன். கட்டிங் மாஸ்டர் கன்னையன் வந்து இரண்டு காலையும் பிடித்து இழுத்தார். கம்பெனி முழுக்கச் சிரிப்பு. அடியில் இருக்கும் வயர் எல்லாம் நீ கட்டியது. எது எங்கே போகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. விளக்கில் கோளாறா, நாக்கைத் தள்ளும் காயிலில் கோளாறா? உனக்குத் தோன்றுவதை எழுது.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு
மயில்சாமி


சேவூர்
29-10-1960

உங்களுக்கு அமராவதி வணக்கம்.

கடிதம் கிடைத்தது. கேட்டதற்குப் பதில் முதலில்.

காயிலில் கோளாறு இருக்காது. நூல் சுற்றும் ராட்டையில் வைத்து நானே சுற்றியது, அவ்வளவு சீக்கிரம் போகாது. கோளாறு பஞ்சில். கீழே பனியன் மிஷின் ஓடும்போது கிளம்பும் பஞ்சு படியேறி வந்து, பாயிண்டின் நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கூரான இரும்பு நாக்கு இந்தப் பக்கம் ஒட்டினால் நேர் பாதை. அந்தப் பக்கம் ஒட்டினால் கூட்ஸ் பாதை. நடுவில் துளிப் பஞ்சு இருந்தால் போதும், எந்தப் பக்கமும் ஒட்டாது. உங்களுக்குத் தெரியாதது இல்லை. வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வருகிறது. தினமும் சாயங்காலம் கோழி இறகால் நான் துடைத்துவிடுவேன். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

விளக்கு மேல் பழி போடாதீர்கள். அது லீவரிலிருந்து எரிகிறது. லீவர் நேராக இருந்தால் பச்சை எரியும், அவ்வளவுதான். நாக்கு எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நாக்கிலிருந்தே வயர் எடுக்கலாம் என்று அப்போதே சொன்னேன். ஆயுத பூஜைக்கு நாலு பேர் பார்க்க வருவார்கள், விளக்கு எரியாமல் நின்றால் கேலி செய்வார்கள், லீவரிலேயே கொடுத்துவிடு என்றீர்கள். கொடுத்தேன்.

வேறு விசேஷம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள்.

அதே ஆயுத பூஜையன்று, வந்தவர்கள் முன்னால் உங்கள் அண்ணன் கேட்டார். "ஏன்டா மயிலு, கல்யாணமாயி எட்டு வருஷம் பாத்தாச்சு. ஊட்டுல ஒரு கொழந்த வேணுமல்ல? அவிநாசிபாளையத்துல நம்ம சொந்தத்துல முத்தாயின்னு ஒரு புள்ள இருக்குது. ரண்டாந்தாரமாக் கேட்டாலும் குடுப்பாங்க. நீ என்ன சொல்றே?" நான் பொரித் தட்டோடு பக்கத்தில் நின்றேன். நீங்கள் ரயிலையே பார்த்துக்கொண்டு "பாக்கலாங்க" என்றீர்கள்.

அந்த விசேஷம் என்ன ஆயிற்று? அந்தக் கல்யாணம் உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா? இரண்டில் ஒன்றை எழுதுங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான். பஸ் ஏறினால் இங்கே வந்து வாயாலும் சொல்லலாம். ஆனால் சொல்வதற்கு ஒன்று இருந்தால் மட்டும் வாருங்கள்.

சேலையை உங்கள் அண்ணிக்குக் கொடுத்துவிடுங்கள்.

அமராவதி


திருப்பூர்
5-11-1960

சௌ. அமராவதிக்கு. இவ்விடம் அனைவரும் க்ஷேமம். அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்.

நீ சொன்னபடி கோழி இறகு கொண்டுவரச் சொல்லித் துடைத்தேன். கவிழாமல் போயிற்று. மறுநாள் மறுபடி கவிழ்ந்தது, மறுபடி துடைத்தேன். இதை நீ தினமும் செய்தாய் என்பது எனக்குத் தெரியாதுதான். ரயில் ஓட்டுகிறவன் ரயிலைத்தான் பார்ப்பான்.

நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். நியாயமாகச் சொல், நான் சம்மதம் என்று சொன்னேனா? "பாக்கலாங்க" என்றுதானே சொன்னேன்? வேலை கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் கம்பெனி வாசலில் நாம் சொல்வது அதுதான். வேலை கொடுத்துவிட்டோம் என்றா அதற்கு அர்த்தம்? பெரியவர்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லாமல் இருக்க நம் பக்கத்தில் இருப்பது அந்த ஒரு சொல்தான். அப்பா போனபிறகு என்னை ஆளாக்கியவர் அண்ணன். அவர் முன்னால் நான் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை. அது உனக்குத் தெரியும். பேச்சை நாம் வளர்க்காமல் இருந்தால் அது தானாக அடங்கிவிடும். நீயும் ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

நாக்கிலிருந்து வயர் எடுப்பது எப்படி என்று எழுது. கன்னையன் ஒல்லியாக இருப்பதால் அவரை அடியில் அனுப்பிச் செய்துவிடலாம்.

வேறு விசேஷம் இல்லை.

மயில்சாமி


சேவூர்
10-11-1960

வணக்கம்.

நாக்கின் இரண்டு பக்கமும் தண்டவாளத்தை ஒட்டி ஒவ்வொரு பித்தளைத் தகடு வையுங்கள். பழைய டார்ச் லைட்டின் அடியில் இருக்கும் தகடு போதும். நாக்கு முழுதாக ஒட்டினால்தான் தகட்டைத் தொட வேண்டும். கிட்டே வந்ததுமே தொட்டுவிடக்கூடாது. இந்தப் பக்கத் தகட்டிலிருந்து பச்சை விளக்குக்கு வயர், அந்தப் பக்கத் தகட்டிலிருந்து சிவப்பு விளக்குக்கு வயர். லீவரிலிருந்து விளக்குக்குப் போகும் பழைய வயரை அறுத்துவிடுங்கள். வேஸ்ட் நூல் கட்டி எல்லாவற்றுக்கும் அடையாளம் வைத்திருக்கிறேன். வெள்ளை நூல் பச்சை விளக்கு. நீல நூல் சிவப்பு விளக்கு. கறுப்பு நூல் கட்டியதைத் தொடாதீர்கள், அது காயிலுக்குப் போவது.

வேலை கேட்டு வந்தவர் பாக்கலாங்க என்பதைக் கேட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போவார். நான் இருந்ததே என் வீட்டில். அதைக் கேட்டுவிட்டு நான் எங்கே போவது என்று தெரியாமல்தான் இங்கே வந்தேன். நீங்கள் மனதுக்குள் வேண்டாம் என்று வைத்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்கலாம். உங்கள் அண்ணன் காதில் அது சரி என்று விழுந்தது. என் காதில் ஒன்றுமே விழவில்லை.

எல்லோரும் க்ஷேமம் என்று ஒவ்வொரு தடவையும் எழுதுகிறீர்கள். நீங்கள் க்ஷேமமா?

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத மாட்டேன். இல்லை என்றும் எழுத வரவில்லை. முந்தாநாள் அம்மா ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார். அதற்குள் நான் முழுச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்திருந்தேன். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். "அழுதுட்டாத் தேவல கண்ணு" என்கிறாள் அம்மா. வந்தால் அழ மாட்டேனா? அப்பாவின் தறிச் சத்தம் காலையிலிருந்து கேட்கிறது. அது நின்றபிறகுதான், இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது என்பதே தெரிகிறது.

வேண்டுமா, வேண்டாமா?

அமராவதி


திருப்பூர்
21-11-1960

அமராவதிக்கு.

நீ எழுதியபடி நீல நூல் வயரைச் சிவப்பு விளக்குக்குக் கொடுத்தோம். லீவரைத் தள்ளியதும் பல்பு பட்டென்று வெடித்தது. கன்னையன் மேஜைக்கு அடியிலிருந்து "ஐயோ சாமி" என்று கத்திக்கொண்டு தலையை இடித்துக்கொண்டார். இனி அடியில் போக மாட்டேன் என்கிறார். வேறு பல்புக்குச் சொல்லியிருக்கிறேன்.

உன்னிடம் மறைக்கவில்லை, நடந்ததை எழுதுகிறேன். போன வாரம் அண்ணன் காரை வாசலில் நிறுத்தி, "வாடா, அவிநாசிபாளையம் வரைக்கும் போயிட்டு வந்தர்லாம்" என்றார். நூல் விஷயமாகப் போகிறார் என்று நினைத்து ஏறினேன். உள்ளே அம்மா பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் பூவும் பழமும். எதற்கு என்று கேட்டேன். "நீதானடா அன்னைக்குப் பாக்கலாங்கன்னே? பொண்ணுப் பாக்கத்தான் போறோம்" என்றார் அண்ணன். ஆயுத பூஜையன்று நான் சொன்னதை அவர் அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் என்ன சொல்ல? நடுரோட்டில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கவா?

அந்தப் பெண் காபி கொண்டுவந்து வைத்தது. நான் டம்ளரைத்தான் பார்த்தேன். சத்தியமாக முகம் நினைவில் இல்லை. திரும்பி வரும்போது அம்மா அழுதாள். அண்ணன், "என்னடா, உன்ற முடிவென்ன?" என்றார். அம்மா அழுதுகொண்டிருந்தாள், அமராவதி. பாக்கலாங்க என்றேன்.

நீ க்ஷேமமா என்று கேட்டிருந்தாய். அது வழக்கமாக எழுதுவது. எல்லோரும்தான் எழுதுகிறார்கள்.

மயில்சாமி


சேவூர்
25-11-1960

தப்பு என்னுடையது. நீல நூல்தான் காயில். கறுப்பு நூல் சிவப்பு விளக்கு. மாற்றி எழுதிவிட்டேன். என் கையால் கட்டிய முடிச்சு, எனக்கு மறக்கிற விஷயமே இல்லை. எழுதும்போது சரி என்றுதான் நினைத்து எழுதினேன். கன்னையன் அண்ணனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். இனி வயரைத் தொடுமுன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை நீங்களே பாருங்கள், நான் எழுதியதை நம்ப வேண்டாம்.

பெண் பார்த்ததை அப்பாவிடம் சொன்னேன். ஒருத்தி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டக்கூடாது என்று சட்டம் வந்தாயிற்று, கோர்ட்டுக்குப் போவோம் என்கிறார். நான் வேண்டாம் என்றேன். நீங்கள் சொல்லவேண்டிய ஒரு சொல்லை ஜட்ஜ் சொல்லி நான் கேட்டு என்ன ஆகப்போகிறது?

காரில் எல்லோரும் பார்த்துவிட்டு வந்தாயிற்று. இன்னும் எதைப் பார்க்கலாம் என்கிறீர்கள்?

அமராவதி


திருப்பூர்
12-12-1960

அமராவதிக்கு.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை.

இந்தக் கார்த்திகையிலேயே அவிநாசிபாளையத்தில் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துவிட்டார்கள். நான் போகவில்லை. போகவில்லை என்று உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. மாப்பிள்ளை தேவைப்படாத காரியமாகவே எல்லாம் நடக்கிறது. தை பிறந்ததும் பத்திரிகை அடிப்பார்களாம். மெத்தை அறையை வெள்ளையடித்து அந்தப் பெண்ணுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. மேஜையைக் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறார் அண்ணன். எங்கே வைப்பது என்று கேட்டேன். "வெளையாட்டுச் சாமானத்த வெச்சுட்டு என்னடா பண்ணப்போறே, கொழந்த பொறந்தா வேற வாங்கிக்கலாம்" என்றார்.

பகலெல்லாம் கீழே மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது வந்து ஏதாவது கேட்டால் தலையாட்டுகிறேன். எதற்கு ஆட்டினேன் என்பது பிறகு தெரிகிறது. போன வாரம் அப்படித் தலையாட்டி ஒரு பீஸ் துணியைத் தப்புச் சாயத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரு வேலைதான் முடிந்தது. மேஜையின் ஒரு பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, நாலாம் நம்பருக்கு நானே தகடு வைத்து, நாக்கிலிருந்து வயர் எடுத்துவிட்டேன். நூலை மூன்று தடவை சரிபார்த்தேன். ஆனால் லீவரை இப்படித் தள்ளினாலும் அப்படித் தள்ளினாலும் இரண்டு விளக்கும் எரியவில்லை. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. பல்பு நன்றாக இருக்கிறது. எங்கே தப்பு செய்தேன்?

மயில்சாமி


சேவூர்
17-12-1960

தப்பே செய்யவில்லை. இப்போதுதான் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

நாக்கு நடுவில் நிற்கிறது, அதனால் இரண்டும் எரியவில்லை. மறுபடி பஞ்சு சேர்ந்திருக்கும், இல்லாவிட்டால் காயில் பாதி தூரம்தான் இழுக்கும். எவ்வளவு நாளாக அப்படி நிற்கிறதோ தெரியாது. இத்தனை நாளும் பச்சை எரிந்ததே, அதுதான் பொய். துடைத்துவிட்டு லீவரைத் தள்ளுங்கள். ஒரு பக்கம் ஒட்டினால் ஒன்று எரியும். ஒட்டாதவரைக்கும் இருட்டாக இருப்பதுதான் அந்த விளக்கின் வேலை. எரியவில்லையே என்று பழையபடி லீவருக்கு வயரை மாற்றிவிடாதீர்கள்.

நடுவில் நிற்கும் நாக்குதான் ரயிலைக் கவிழ்க்கும். தப்பான பக்கம் ஒட்டியிருந்தால்கூட ரயில் எங்கேயாவது போய்ச் சேரும். இதை நான் எதற்கு எழுதுகிறேன் என்று உங்களுக்குப் புரியும். புரியவில்லை என்றால் அதுவும் பரவாயில்லை. உங்கள் மேல் எனக்கு இப்போது கோபமில்லை. முதலில் கோபம் இருந்தபோது நன்றாக இருந்தது, சாப்பாடாவது ருசித்தது.

அந்தக் கல்யாணம் வேண்டும் என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால்கூட நான் எழுந்து என் வழியைப் பார்த்திருப்பேன். இனி கேட்கப் போவதில்லை. தை பிறந்தால் பத்திரிகை வரும், அதிலிருந்து தெரிந்துகொள்கிறேன்.

மேஜையைக் கழற்றுவதாக இருந்தால் காயில்களைப் பழைய சாமான் கடைக்குப் போடாமல் கன்னையன் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள்.

அமராவதி


முருகன் துணை

திருப்பூர்
20-1-1961

அமராவதி,

இவ்விடம் யாரும் க்ஷேமம் இல்லை. அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அம்மா நான் இருக்கும் இடத்தில் சாப்பிடுவதில்லை. நான் மட்டும் சாப்பிடுகிறேன். நன்றாகப் பசிக்கிறது.

உன் கடிதம் வந்தபிறகு மார்கழி முழுக்க நாலாம் நம்பரைத் துடைக்கவில்லை. வேண்டுமென்றேதான். தினமும் போய் அந்த இரண்டு இருட்டு விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே என்மேல் ஆத்திரமாக வந்தது. பல மாதமாக வராத ஆத்திரம்.

பொங்கல் கழிந்து, கம்பெனி திறந்த அன்று அண்ணன் தச்சரைக் கூட்டிக்கொண்டு மெத்தைப் படியேறினார். கீழே எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது. "மேஜையக் கழட்டுங்க, பத்திரிக்க அச்சுக்குப் போகுது" என்றார் தச்சரிடம். நான் "வேண்டாங்க" என்றேன். அவர் காதில் விழவில்லை. மறுபடி சொன்னேன். "என்னடா?" என்று காதில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். அப்போதுதான், மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்கட்டும் என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாங்க!" பாதி கத்தும்போதே கரண்டு போய்விட்டது. அத்தனை மிஷினும் ஒரே சமயத்தில் நின்றது. என் சத்தம் மட்டும் கட்டிடம் முழுக்கக் கேட்டது. கீழே தையல் பெண்கள் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கரண்டு மட்டும் போகாமல் இருந்திருந்தால் அண்ணன் காதில் விழாத மாதிரியே கீழே இறங்கியிருப்பார்.

"கல்யாணம் வேண்டாமா? அன்னைக்குப் பாக்கலாங்கன்னயேடா?" என்றார்.

"பாத்துட்டேனுங்க. வேண்டாங்க" என்றேன்.

மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அவர் இறங்கிப் போய்விட்டார். தச்சர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "அப்ப நானும் வாரனுங்க" என்று போனார். பிறகு நான் கோழி இறகை எடுத்துத் துடைத்துவிட்டு, கரண்டு வரும்வரை காத்திருந்து, நாலாம் நம்பர் லீவரைத் தள்ளினேன். பச்சை எரிந்தது. நாக்கிலிருந்து எரிந்தது.

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். நீ வரச் சொன்னால் நான் வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். மெத்தை அறை அப்படியே இருக்கிறது.

நம் வீட்டிலிருந்து நல்ல சேதி போகும்போது மஞ்சள் தடவாமல் அனுப்புவதில்லை. இதைத் தடவித் தர வீட்டில் யாரும் இல்லாததால் நானே மஞ்சளைக் குழைத்து உறையின் நாலு முனையிலும் தடவுகிறேன். விரலெல்லாம் மஞ்சள்.

உன்
மயில்சாமி


சேவூர்
24-1-1961

உங்களுக்கு அமராவதி எழுதுவது.

உறை கிடைத்தது. நாலு முனையிலும் மஞ்சள். பத்திரிகை உங்கள் அண்ணன் பெயரில் வரும் என்று நினைத்திருந்தேன். விலாசம் உங்கள் கையெழுத்தில் இருந்தது. அதை ஏனோ நான் எதிர்பார்க்கவில்லை. தபால்காரர் அங்கமுத்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, "ஏனுங்க, ஊட்டுல நல்ல சேதிங்களா?" என்றார். ஆமாங்க என்றேன்.

பிரிக்கவில்லை. முகூர்த்தம் எந்தத் தேதி என்று தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. அப்படியே இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். என்னிடம் ஒரு மஞ்சள் உறை இருப்பதை அம்மா பார்க்க வேண்டாம்.

ஒரு பக்கம் ஒட்டிவிட்டீர்கள். அதுவரைக்கும் நல்லது. இனி நடுவில் நிற்க மாட்டீர்கள்.

அவிநாசியில் அம்பர் ராட்டையில் நூல் நூற்கச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். மாசி முதல் போகிறேன். ராட்டை சுற்ற எனக்கு வருகிறது, அதை அங்கே கற்றுக்கொண்டதற்காவது உங்களுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன். முத்தாயியை நாக்குப் பக்கம் விரல் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். காயில் இழுக்கும்போது நகத்தைப் பிடித்துவிடும். எனக்கு இரண்டு தடவை பிடித்திருக்கிறது.

அமராவதி


கார்டு

திருப்பூர்
27-1-1961

அமராவதிக்கு.

மஞ்சள் உறைக்குள் இருந்தது பத்திரிகை இல்லை. நான் எழுதிய கடிதம். மஞ்சள் தடவியது என் முட்டாள்தனம்.

இது கார்டு. இதில் பிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. அங்கமுத்து படிக்கட்டும். உங்கள் தெருவே படிக்கட்டும். முத்தாயியைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று பொங்கல் கழிந்ததும் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கம்பெனி முழுக்கக் கேட்டது. நேற்று அவிநாசிபாளையம் போய் முத்தாயியின் அப்பாவிடமும் நானே நேரில் சொன்னேன். திட்டினார், நின்று வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது அந்தப் பெண் உள்ளிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. இந்தத் தடவை முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன்.

கல்யாணம் வேண்டாம். நீ வேண்டும்.

மயில்சாமி


கார்டு

சேவூர்
31-1-1961

கார்டு வந்தது. அங்கமுத்து அண்ணன் தெருமுனையிலிருந்தே சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். அப்பா தறியை நிறுத்திவிட்டார். அம்மா அழுதாள். பக்கத்து வீட்டிலும் அழுதார்கள்.

எனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. சந்தோஷம் என்று எழுதலாம். எழுதினால் அது லீவரிலிருந்து எரிகிற பச்சை. எனக்கு இப்போது இரண்டு விளக்கும் எரியவில்லை. உங்களிடம் அதை மறைக்க வேண்டாம் என்று தோன்றியது.

தைப்பூசக் கூட்டம் ஓய்ந்து பஸ்ஸில் இடம் கிடைத்ததும் ஒரு நாள் வருகிறேன். மற்ற மூன்று பாயிண்டுக்கும் நாக்கிலிருந்து வயர் எடுக்க வேண்டும், அது உங்களால் ஆகாது. தகடு வாங்கி வையுங்கள். நல்ல கோழி இறகாக ஒன்று எடுத்து வையுங்கள்.

வந்தால் அங்கேயே இருந்துவிடுவாயா என்று கேட்பீர்கள்.

பாக்கலாங்க.

அமராவதி